தராசிலிருந்து பில்லுக்கு: எடையைக் கணினிக்குள் கொண்டுவரும் வழிகள், ஓர் ஒப்பீடு

கோயம்பேடு மொத்தச் சந்தையில் வெங்காய மூட்டைகள் இறங்குவது பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய இருட்டில்தான். மூட்டை தராசில் ஏறும், எடை மெஷினின் சிவப்பு எண்கள் சற்று ஆடி நிற்கும், கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துக் கணினியில் தட்டுவார், அதற்குள் அடுத்த மூட்டை தோளில் காத்திருக்கும். அந்தத் தட்டச்சு வேலையை நீக்கி, தராசு காட்டும் எடை நேரே பில் மென்பொருளுக்குள் வந்து உட்கார வேண்டும் என்று மண்டி உரிமையாளர் ஒருவர் கேட்டால், அதற்கு இன்று குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்தும் முதல் நாள் காட்டும்போது அழகாக வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து எது நிற்கும், எது காலை வாரும் என்பதில்தான் வேறுபாடு. சென்னையில் மண்டிகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் இத்தகைய மென்பொருளை எழுதிப் பொருத்தித் தருபவன் என்ற முறையில், அந்த ஐந்தையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

விலை, வேகம், பொருத்துவதற்கு ஆகும் நேரம் ஆகியவற்றைக் கொண்டே வழிகள் பொதுவாக ஒப்பிடப்படுகின்றன. நான் முதலில் கேட்பது வேறு: கேபிள் கழன்றுவிட்டால், மின்சாரம் போய் வந்தால், தராசு அணைந்துவிட்டால், அந்த நொடியில் திரையில் என்ன தெரியும்? எண் வராமல் நின்றுவிட்டால் கணக்குப்பிள்ளை பழையபடி பார்த்துத் தட்டிக்கொள்வார், வேலை சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் பழைய எண்ணோ அரைகுறையான எண்ணோ சரியான எண்ணைப் போலவே கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், சரக்கு கொண்டுவந்த விவசாயியோ வாங்கிச் செல்லும் வியாபாரியோ நட்டப்படுவார், அது நடந்ததே ஒருவருக்கும் தெரியாது. எனவே ஒவ்வொரு வழியையும் அது எப்படி வேலை செய்கிறது என்பதைவிட எப்படிப் பழுதாகிறது என்பதைக் கொண்டே எடைபோடுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மணிக்குப் பத்துப் பதினைந்து மூட்டைகள் மட்டுமே ஏறும் கடைக்கு நான் எந்த இணைப்பையும் பரிந்துரைப்பதில்லை. கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவதற்கு டிரைவர் என்ற இணைப்பு நிரல் வேண்டாம், கேபிள் வேண்டாம். தவறு நேர்ந்தால் யார் தட்டினார் என்பதும் தெரியும். நூற்றுக்கணக்கான மூட்டைகள் தொடர்ந்து ஏறும் இடத்தில், தூக்கக் கலக்கத்தில் 35.6 என்பது 53.6 ஆகிவிடும் நிலை வரும்போதுதான் இணைப்புக்குச் செலவு செய்வதில் பொருளிருக்கிறது.

தராசு என்ன பேசுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். சந்தையில் புழங்கும் மின்னணுத் தராசுகளில் பெரும்பாலானவற்றின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் (தகவலை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு வாய்) ஒன்று இருக்கும், அல்லது கூடுதல் விலைக்குப் பொருத்தித் தரப்படும். அது பேசும் முறையான ஆர்.எஸ். 232, அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பட்ட தரநிலை. அனுப்ப ஒரு கம்பி, பெற ஒரு கம்பி, பொதுவான தரைக்கம்பி ஒன்று என மூன்றே கம்பிகளில் வேலை முடிந்துவிடுகிறது. வழக்கமான 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் என 10 பிட்டுகள் செலவாவதால், விநாடிக்கு 960 எழுத்துகள் போகும். எடையைச் சொல்லும் ஒரு வரி 18 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால் அது வந்து சேர 19 மில்லிவிநாடி போதும். மூட்டை ஆடி அடங்குவதற்கே ஒரு விநாடிக்கு மேல் ஆகும் இடத்தில் இந்த வேகம் தாராளம். ஆகவே, தராசைப் பொறுத்தவரை "சீரியல் பழசு, மெதுவானது" என்ற வாதத்தை ஒதுக்கிவிடலாம்.

வரியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல தராசுகள் எண்ணுக்கு முன்னால் எடை நிலைத்துவிட்டதா இன்னும் ஆடுகிறதா என்பதைச் சொல்லும் குறி ஒன்றையும் அனுப்பும். நிலைத்ததற்கு எஸ்.டி. என்றும், ஆடிக்கொண்டிருப்பதற்கு யு.எஸ். என்றும், கொள்ளளவைத் தாண்டியதற்கு ஓ.எல். என்றும் இரண்டெழுத்துகளில் அனுப்பும் வழக்கம் பரவலாக உண்டு. அதன்பின் கூட்டல் அல்லது கழித்தல் குறி, எண், அலகு, வரி முடிவைக் காட்டும் இரண்டு எழுத்துகள் வரும். விலை குறைந்த சில தராசுகள் வெறும் எண்ணை மட்டும் இடைவிடாமல் கொட்டும். அவற்றில் எடை நிலைத்ததா என்பதை மென்பொருளே அடுத்தடுத்த வரிகளை ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும். தராசு வாங்கும்போதே இந்த நிலைக்குறி வருமா என்று கேட்டு வாங்குவது, பின்னால் எந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றும் வாங்கும்போதே கவனிக்கத்தக்கது. வியாபாரத்தில் பயன்படும் தராசு, சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்டதாக இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு அந்தச் சரிபார்ப்பு ஆண்டுதோறும் தேவை. போர்ட் இல்லாத தராசைப் பிரித்து உள்ளிருந்து கம்பி இழுத்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. முத்திரை உடைந்த தராசில் போடப்பட்ட எடை எவ்வளவு சரியாக இருந்தாலும் முத்திரை ஆய்வாளர் முன் நிற்காது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் மூலம் போர்ட்டைப் பொருத்தி மீண்டும் முத்திரை பெறுவதே முறை.

முதல் வழி, கணினியில் நிறுவப்பட்ட பில் மென்பொருள் தானே சீரியல் போர்ட்டைத் திறந்து படிப்பது. இன்றைய கணினிகளில் ஒன்பது ஊசி போர்ட் அரிது என்பதால், இடையில் யு.எஸ்.பி. மாற்றி கேபிள் ஒன்று வரும். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தக் கேபிளுக்குள் இருக்கும் சில்லுதான் பின்னாளில் தலைவலி தரும் இடம். தனக்கென வரிசை எண் உள்ள சில்லு என்றால், கேபிளை எந்த யு.எஸ்.பி. துளையில் செருகினாலும் விண்டோஸ் அந்தப் போர்ட்டுக்கு வைக்கும் பெயரான காம் எண்ணை மாற்றாமல் அதையே தரும். சி.எச். 340 வகையின் எளிய சில்லுகளில் வரிசை எண் கிடையாது. அவற்றைத் துளை மாற்றிச் செருகினால் காம் 3 என்றிருந்தது காம் 5 ஆகிவிடும், மென்பொருள் காம் 3-ஐயே தேடிக்கொண்டிருக்கும். கடையைப் பெருக்கும்போது கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகுபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. போலிச் சில்லுகளின் சிக்கல் தனி. 2014 அக்டோபரில், இத்தகைய சில்லுகளைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய விண்டோஸ் டிரைவர், தன் சில்லைப் போலச் செய்த போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றியதால், அவை பொருத்தப்பட்ட கருவிகள் கணினிக்குத் தெரியாமல் போயின. எதிர்ப்புக்குப் பின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. எனவே கேபிள் வாங்கும்போது சில்லின் பெயரைக் கேட்டு, பில்லோடு வாங்குவதற்கு ஆகும் கூடுதல் தொகையை நான் ஒருபோதும் குறைக்கச் சொல்வதில்லை.

இந்த வழியில் நான் செய்த தவறு ஒன்றை விரிவாகச் சொல்வது பயன்படும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டிக்கு நான் எழுதிய முதல் வடிவம், காலையில் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை எஃப் 2 பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஒரு வரியைப் படித்தது. இரண்டாம் நாளே அவர் கூப்பிட்டார். "தம்பி, இறக்கின மூட்டையோட எடையே மறுபடியும் வருது, வந்து பாருங்க." நான் போய்ப் பார்த்தபோது தராசில் 48 கிலோ தெரிந்தது, திரையில் 52.350 என்றிருந்தது. அவர் அழுத்தி முடித்திருந்த நாலைந்து பில்களைத் தாளில் எழுதிவைத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், எதுவுமே அந்தந்த மூட்டையுடையது இல்லை என்பது தெரிந்தது.

காரணம் கணினியின் உள்சேமிப்பு. தராசு விநாடிக்குப் பத்து வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. யாரும் படிக்காவிட்டாலும் அவை வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரலாக்கச் சூழலில் அந்தச் சேமிப்பின் இயல்பான அளவு 4096 பைட். வரிக்கு 18 பைட் என்றால் 227 வரிகள், அதாவது ஏறத்தாழ 22 விநாடிகளுக்கு உரிய எடைகள் அதில் அடங்கும். நிரம்பியபின் புதியவை உள்ளே போகாமல் கொட்டிப்போகும். பொத்தானை அழுத்தும்போது கிடைப்பது வரிசையின் முன்னால் நிற்கும் மிகப் பழைய வரி. கேபிள் சரி, தராசு சரி, எண்ணும் தராசு உண்மையாகவே சொன்ன எண்தான். காலம் மட்டும் தவறு. இதைத் தவிர்க்க, நிரலுக்குள் தனியாக ஓடும் இழை ஒன்று இடைவிடாமல் படித்துக்கொண்டே இருந்து, கடைசி வரியை மட்டும் அது வந்த நேரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தும் நொடியில் அந்த நேரம் அரை விநாடிக்கு மேல் பழையதாக இருந்தால் எண்ணைக் காட்டவே கூடாது.

இதன் தம்பி ஒன்றும் உண்டு. சீரியல் வழியே வரும் எழுத்துகள் வரியாகக் கட்டிக்கொண்டு வருவதில்லை. படிக்கும் நேரத்தைப் பொறுத்து "5" ஒரு முறையும் "2.350" அடுத்த முறையும் கிடைக்கலாம். வரி முடிவு வரும் வரை காத்திருக்காமல் கிடைத்ததை எண்ணாக மாற்றும் மென்பொருளில் 52.350 கிலோ வெங்காயம் 2.350 கிலோ ஆகிவிடும். வரியின் நீளம் சரியா, தொடக்கக் குறி இருக்கிறதா, அலகு இருக்கிறதா என்ற மூன்றையும் சரிபார்க்காத எந்த மென்பொருளையும் கடையில் பொருத்த அனுமதிக்கக் கூடாது என்பேன். இதோடு, தராசு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிய பிறகே அடுத்த எடையை ஏற்பது என்ற விதியையும் சேர்த்துவிட்டால், ஒரே மூட்டை இரண்டு முறை பில்லாவதும் நின்றுவிடும்.

இரண்டாவது வழி, தராசையோ இடையில் உள்ள சிறு கருவியையோ விசைப்பலகையாக வேடமிடச் செய்வது. பார்கோடு ஸ்கேனர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. கணினியைப் பொறுத்தவரை யாரோ வேகமாகத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். டிரைவர் வேண்டாம், எந்த மென்பொருளுக்கும் பொருந்தும், எக்ஸெல் தாளில்கூட எண் விழும். ஸ்கேனருக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். மளிகைப் பொருள்களில் இருக்கும் 13 இலக்கப் பார்கோடின் கடைசி இலக்கமே முந்தைய பன்னிரண்டையும் சரிபார்க்கும் இலக்கமாக இருப்பதால், அரைகுறையாக வந்தால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும்.

எடைக்கு அப்படி ஒரு காவல் இல்லை. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண் விழும். அது வாடிக்கையாளரின் கைப்பேசி எண் கட்டமாகவும் இருக்கலாம், விலைக் கட்டமாகவும் இருக்கலாம். தமிழில் பில் போடும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்பலகை வேடத்தில் வரும் கருவி அனுப்புவது எழுத்துகளை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியீட்டை. கணினி அந்த நேரத்தில் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பில் இருந்தால், கிலோவைக் குறிக்கும் கே, ஜி என்ற இரண்டு ஆங்கில விசைகளும் மகரமாகவும் எகரமாகவும் மாறிச் சேர்ந்து, "12.350மெ" என்று திரையில் வரும். வாடிக்கையாளரின் பெயரைத் தமிழில் தட்டிவிட்டு மொழியை மாற்ற மறந்தால் போதும். அலகை அனுப்பாமல் எண்ணை மட்டும் அனுப்பும்படி அமைத்து இதைச் சமாளிக்கலாம். ஆனால் அலகும் நிலைக்குறியும் போய்விட்டால் சரிபார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. தராசுக்கு இந்த வழியை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது வழி புதியது. பில் மென்பொருள் இணையப் பக்கமாகவே உலாவியில் ஓடும் கடைகள் இப்போது பெருகிவிட்டன, ஏனெனில் உரிமையாளர் வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்க்க முடிகிறது. அந்தப் பக்கமே சீரியல் போர்ட்டைத் திறக்கும் வசதி, வெப் சீரியல் என்ற பெயரில் 2021 மார்ச்சில் குரோம் 89-இல் வந்தது. எட்ஜ் போன்ற அதே அடித்தளத்து உலாவிகளிலும் உண்டு. கடைக் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், புதிய வடிவத்தைச் சர்வரில் ஏற்றினால் எல்லாக் கடைகளுக்கும் போய்விடும். பாதுகாப்பும் யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது: பாதுகாப்பான இணைப்பில் வந்த பக்கம்தான் கேட்க முடியும், முதல் முறை மனிதர் ஒருவர் சொடுக்கி அந்தப் போர்ட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதன் குறைகள் கடையின் இயல்பிலிருந்து வருகின்றன. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவரே திறக்க முடியும். கணக்குப்பிள்ளை தெரியாமல் இரண்டாவது தாவலில் அதே பக்கத்தைத் திறந்தால் அங்கே எடை வராது. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் போர்ட் மூடப்படும், அதை மறுபடியும் தானே திறந்துகொள்ளும்படி எழுதியிருக்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு இணையம் விழுந்துவிட்டால், இணையமின்றியும் இயங்கும்படி வடிவமைக்கப்படாத பக்கம் திறக்கவே திறக்காது. தராசு இரண்டடி தூரத்தில் இருக்க, அதன் எடையைப் படிக்க இணையத்தை நம்பியிருக்கும் நிலை எனக்கு உறுத்துகிறது. ஆயினும், பழுது நேர்ந்தால் எண் வராமல் நின்றுபோகும் இயல்புடையது என்பதால், இதை இரண்டாவது வழியைவிட உயர்ந்ததாகவே வைக்கிறேன். ஒரே மேசை, ஒரே கணினி, நல்ல இணையம் உள்ள கடைக்கு இது போதும்.

நான்காவது வழிதான் என் தேர்வு. கடைக் கணினியில் சிறிய பாலம் போன்ற நிரல் ஒன்று பின்னணியில் ஓடும். விண்டோஸ் தொடங்கும்போதே தானாகத் தொடங்கும். சீரியல் போர்ட்டைத் திறப்பதும், இடைவிடாமல் படிப்பதும், வரியைச் சரிபார்ப்பதும், நேரக்குறி இடுவதும் அதன் வேலை. பில் மென்பொருள் உலாவியில் ஓடினாலும் தனியாக ஓடினாலும், அதே கணினிக்குள் 127.0.0.1 என்ற உள்முகவரியில் அந்தப் பாலத்தைக் கேட்டு எடையை வாங்கிக்கொள்ளும். தராசின் மாதிரி மாறினால் பாலத்தில் ஒரு சிறு பகுதியை மாற்றினால் போதும், பில் மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. காம் எண்ணை நம்பாமல் சில்லின் அடையாளத்தைக் கொண்டு கேபிளைத் தேடும்படியும் அதை எழுதலாம். லினக்ஸ் கணினியில் இதற்கான நிலைப்பெயர்களை இயக்குதளமே தந்துவிடுகிறது.

இந்த வழியை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் அதன் பதிவேடு. தராசிலிருந்து வந்து ஏற்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் வந்தது வந்தபடியே, நேரத்தோடு, அன்றைய கோப்பில் எழுதி வைக்கிறேன். மாலையில் வியாபாரி ஒருவர் வந்து எடை குறைந்திருக்கிறது என்று சொன்னால், அந்தப் பில்லுக்குத் தராசு எந்த நேரத்தில் எந்த எண்ணைச் சொன்னது என்பதை எடுத்துக் காட்டிவிடலாம். மென்பொருள் தவறா, தராசு தவறா, எவருமே தவறில்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மற்ற வழிகளில் இது முடியாதது இல்லை, ஆனால் இங்கேதான் இயல்பாக அமைகிறது.

பாலத்துக்கும் விலை உண்டு. ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும், புதுப்பிக்க வேண்டும், வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைச் சந்தேகிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் கவனிக்காத ஓட்டை ஒன்றும் இருக்கிறது. உள்முகவரியில் காத்திருக்கும் நிரலோடு, அந்த உலாவியில் திறந்திருக்கும் வேறு எந்த இணையதளமும் பேச முயலலாம். பக்கமும் பாலமும் தொடர்ந்து பேசிக்கொள்ள உதவும் வெப்சாக்கெட் இணைப்புக்கு, ஒரு தளம் இன்னொன்றின் தகவலைப் படிக்காமல் தடுக்கும் உலாவியின் வழக்கமான தளக்கட்டுப்பாடு பொருந்தாது என்பதால், கேட்பது நம் பில் பக்கம்தானா என்பதைப் பாலமே, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் மூலத்தலைப்பைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எடையைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம் என்று விட்டுவிடக் கூடாது, ஏனெனில் இதே பாலம்தான் பிரிண்டருக்கும் கல்லாப்பெட்டியைத் திறப்பதற்கும் கட்டளை அனுப்பப்போகிறது.

ஐந்தாவது வழி, தராசை வலையமைப்பில் சேர்ப்பது. சீரியலை ஈத்தர்நெட்டாக மாற்றும் பெட்டி ஒன்றை வாங்கலாம், அல்லது ஈ.எஸ்.பி. 32 போன்ற சிறு நுண்கட்டுப்பாட்டுச் சில்லைக் கொண்டு நாமே கட்டலாம். கட்டுவோர் ஒன்றை மறக்கக் கூடாது: அந்தச் சில்லின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை, ஆர்.எஸ். 232 கம்பியிலோ நேர்மின்னழுத்தமும் எதிர்மின்னழுத்தமுமாக 15 வோல்ட் வரை வரலாம். இடையில் மேக்ஸ் 3232 போன்ற மின்னழுத்த மட்டமாற்றி இல்லாமல் இணைத்தால் சில்லு போய்விடும். இந்த வழியின் நன்மை, ஒரே தராசின் எடையை இரண்டு மேசைகளும் உரிமையாளரின் கைப்பேசியும் ஒரே நேரத்தில் பார்க்க முடிவது. தராசு கடையின் வாசலிலும் கணினி உள்ளறையிலும் இருக்கும் கடைகளில், ஆர்.எஸ். 232-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் 15 மீட்டர் வரம்பையும் இது கடந்துவிடும்.

இங்கே எடையைப் பரப்ப எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறையை இப்போது பலர் கையாளுகிறார்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் 1999-இல் வகுத்தது அது. சிறியது, உறுதியானது, நன்றாக எழுதப்பட்ட நூலகங்கள் உள்ளது. ஆனால் அதில், செய்திகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் நடுவர் நிரல் கடைசிச் செய்தியைத் தக்கவைத்துக்கொண்டு, புதிதாகச் சேருபவருக்கு உடனே தரும் வசதி ஒன்று இருக்கிறது. வெப்பநிலைக்கு அது வரம், எடைக்கு ஆபத்து. தராசு அணைந்து அரைமணி நேரம் ஆனபின் கணினியைத் திறந்தவருக்கு, அரைமணிக்கு முந்தைய மூட்டையின் எடை புத்தம்புதியதைப் போல வந்து நிற்கும். என் எஃப் 2 பொத்தான் தவறேதான், வேறு உடையில். அந்த வசதியை எடைக்கு அணைத்துவிட்டு, இணைப்பு அறுந்தால் நடுவர் நிரலே அறிவிக்கும் "இறுதி உயில்" வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. கருவி உயிரோடிருப்பதைக் காட்டும் இடைவெளியை 60 விநாடி என்று வைத்தால், நடுவர் நிரல் அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடி காத்திருந்த பிறகே அது போய்விட்டது என்று முடிவு செய்யும். மூட்டைகள் ஏறும் இடத்தில் 90 விநாடி நீண்ட காலம். இடைவெளியை ஐந்து விநாடியாகக் குறைப்பதும், ஒவ்வொரு செய்திக்கும் நேரக்குறி சேர்ப்பதும் கட்டாயம்.

இத்தோடு ரௌட்டர், அதன் மின்சாரம், முகவரி மாறாமல் இருப்பதற்கான அமைப்பு, வைஃபையின் எட்டும் தூரம் என்று பழுதாகக்கூடிய இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கணினிக்கு யு.பி.எஸ். வைத்த கடைகள் பல ரௌட்டருக்கு வைப்பதில்லை. இரும்பு ஷட்டர்களும் ஆள் கூட்டமும் நிறைந்த சந்தையில் வைஃபையை எடைக்கு நம்ப எனக்கு மனம் வருவதில்லை. வலையமைப்பு வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கம்பி இழுத்துச் செய்யட்டும் என்பதே என் கருத்து.

புளூடூத் தராசுகளும் உண்டு. வண்டியில் சரக்கெடுத்துப் போய்க் கைப்பேசியில் பில் போடுபவருக்கு அவை ஏற்றவை, மண்டிக்கு அல்ல. மணலி, மாதவரம் பக்கம் லாரி எடைபோடும் மேடைகளில், மேடைக்கும் அறைக்கும் இடையே தூரம் அதிகமானால் 1200 மீட்டர் வரை செல்லும் ஆர்.எஸ். 485 முறைக்குப் போவது நல்லது. அந்த உலகத்தின் விதிகள் வேறு என்பதால் இங்கே விரிக்கவில்லை.

தராசுக்குச் சரியென்று சொன்னது பிரிண்டருக்கு அப்படியே பொருந்தாது. காரணம் தமிழ். பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர்களில் ஆங்கில எழுத்துகள் உள்ளேயே இருக்கும். தமிழ் எழுத்துகள் பொதுவாக இருப்பதில்லை. யுனிகோடு பைட்டுகளை அப்படியே அனுப்பினால் குப்பையாக அச்சாகும். எழுத்துருவை அதற்குள் ஏற்ற முடிந்தாலும் போதாது. "கொத்தமல்லி" என்பதன் முதல் எழுத்து, ககரம், ஒகர உயிர்க்குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. அச்சில் அந்தக் குறி பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். அந்தக் கோக்கும் வேலையைக் கணினிதான் செய்ய முடியும். ஆகவே பில்லைப் படமாக வரைந்து, புள்ளிகளாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 80 மில்லிமீட்டர் தாள் பிரிண்டரில் ஒரு வரிசைக்கு 576 புள்ளிகள், அதாவது 72 பைட். ஒரு தமிழ் வரிக்கு 30 புள்ளி உயரம் என்றால் 2160 பைட், இருபது வரிப் பில்லுக்கு 43,200 பைட். தராசுக்குத் தாராளமாக இருந்த அதே 9600 பாட் சீரியலில் இதை அனுப்ப 45 விநாடி ஆகும். 115200 பாட் வைத்தாலும் நான்கு விநாடி நெருங்கும். யு.எஸ்.பி.யிலோ ஈத்தர்நெட்டிலோ தாள் நகரும் வேகம்தான் எல்லை. 18 பைட் பேசும் கருவிக்கும் 43 ஆயிரம் பைட் கேட்கும் கருவிக்கும் ஒரே வழியைத் தேட வேண்டியதில்லை. பிரிண்டருக்கு யு.எஸ்.பி. போதும். இரண்டு மேசைகள் பகிர்ந்துகொள்வதானால், 9100 எண் வலையமைப்பு வாயிலில் கேட்கும் ஈத்தர்நெட் பிரிண்டர். எதுவானாலும், தாள் இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா என்று பிரிண்டரைக் கேட்டுப் பதில் பெறும் கட்டளையைப் பாலம் பயன்படுத்த வேண்டும். அனுப்பிவிட்டேன், ஆகவே அச்சாகிவிட்டது என்று கருதும் மென்பொருளில், தாள் தீர்ந்த நேரத்துப் பில்கள் கணக்கில் இருக்கும், கையில் இருக்காது.

ஒரே மேசை வைத்திருக்கும் வெங்காய மண்டிக்கு இன்று நான் எழுதித் தரும் பட்டியல் இதுதான்: நிலைக்குறி அனுப்பும் தராசு, வரிசை எண் உள்ள சில்லு கொண்ட மாற்றிக் கேபிள், பாலம் நிரல், யு.எஸ்.பி. பிரிண்டர், ஸ்கேனர் தேவைப்பட்டால் விசைப்பலகை வேடத்திலேயே. இரண்டாவது மேசை வந்தால் பாலத்தை வேறு கணினியிலிருந்தும் கேட்கும்படி கடவுச்சொல்லோடு திறந்துவிடலாம். அப்போதும் தராசின் கேபிள் பழைய இடத்திலேயே இருக்கும்.

பொருத்தி முடித்த அன்று உரிமையாளரையும் கணக்குப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூட்டை தராசில் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிக் காட்டுகிறேன். ஒரு விநாடிக்குள் எடைக் கட்டம் வெறுமையாகி, சிவப்பில் "தராசு இணைப்பு இல்லை" என்று வர வேண்டும், எஃப் 2 அழுத்தினால் எதுவும் நடக்கக் கூடாது. பிறகு அதே கேபிளை வேறு யு.எஸ்.பி. துளையில் கணக்குப்பிள்ளையையே செருகச் சொல்கிறேன். யாரும் எதையும் தொடாமல் எடை திரும்பி வந்தால்தான் மீதிப் பணத்தை வாங்குகிறேன். கல்லாவின் இழுப்பறையில் அதே சில்லு கொண்ட இன்னொரு கேபிள், "தராசு" என்று எழுதி ஒட்டப்பட்டு இருக்கும்.